லேபலண்ணையும் இரண்டு வேதத்துப் பைக்கற்றுகளும்

வன்னியில் குளத்தை நம்பியவர்கள் இருக்கிறார்கள், கோயிலை நம்பியவர்கள் இருக்கிறார்கள், வாக்குக் கேட்டு வந்தவரைக்கூட நம்பியவர்கள் இருக்கிறார்கள். எதன் முன்பக்கத்தையும் நம்பாத ஒரே மனிதர் லேபலண்ணைதான். உலகத்தை அவர் பின்பக்கத்திலிருந்து வாசித்தார். பிஸ்கற் பைக்கற்றைக் கொடுத்தால் திருப்புவார். சவர்க்காரத்தைத் திருப்புவார். கலியாண அழைப்பிதழைத் திருப்பி, அச்சகத்தின் பெயரைப் பார்த்த பிறகே மாப்பிள்ளையின் பெயருக்கு வருவார். பக்கத்து வீட்டுக் குழந்தையை, பிறந்த முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிந்த கையோடு அவர் மடியில் வைத்தார்கள். மெல்லத் திருப்பி முதுகைப் பார்த்தார். தாய் குழந்தையைப் பறித்தபோது, "குறை நினையாதை பிள்ளை, கைப்பழக்கம்" என்றார்.

பிள்ளையார் கோயில் ஐயர் இவருக்கென்றே தனியாகக் கொஞ்சம் பொறுமை எடுத்து வைத்திருந்தார். திருவிழாவில் விபூதிப் பைக்கற் ஒன்றைக் கையில் கொடுத்தார். வழக்கம்போலத் திருப்பல்.

"ஐயா, இதிலை காலாவதித் திகதியைக் காணேல்லை."

"சாம்பலுக்கு என்னப்பா காலாவதி? எல்லாம் காலாவதியான பிறகு மிஞ்சிறதுதானே அது!"

வீடு போய்ச் சேரும்வரை அதைப் பற்றி யோசித்துக்கொண்டே சைக்கிளை உருட்டினார். ஏறி மிதிக்க மறந்துபோனார்.

அவருடைய சொந்தப் பெயர் எங்கள் அலுவலகத்தில் ஒருவருக்கும் நினைவில் நின்றதில்லை. கொழும்பிலிருந்து யாராவது வந்து அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், 'அது யார்?' என்று நாங்கள் எல்லாரும் திரும்பிப் பார்ப்போம். அவரும் எங்களோடு சேர்ந்து திரும்பிப் பார்ப்பார்.

அலுவலகம் என்றது பூவரசங்குளத்தில் ஒரு நிவாரண நிறுவனத்தின் கிளை. அவர் களஞ்சியப் பொறுப்பாளர். நான் அறிக்கை எழுதுபவன். மழை பெய்தால் மழை என்று எழுதக்கூடாது, 'பாதகமான காலநிலை நிகழ்வு' என்று எழுத வேண்டும். பசி என்று எழுதக்கூடாது, 'உணவுப் பாதுகாப்பின்மை'. அதற்குத்தான் எனக்குச் சம்பளம். நான் எழுதிய முதல் அறிக்கையை லேபலண்ணையிடம் காட்டினேன். ஒரு வரியும் வாசிக்காமல் தாளைத் திருப்பினார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

"பின்பக்கம் ஒண்டுமில்லையே, தம்பி. அப்ப முன்பக்கத்திலை ஒளிச்சதையெல்லாம் எங்கை எழுதியிருக்கிறீர்?"

நாட்டின் அறிக்கைகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும் விமர்சனம் அது.

இந்தப் பழக்கம் அவருக்கு வளைகுடாவில் தொற்றியது. விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் ஒரு பெரிய குசினியில், குளிர்க் களஞ்சியத்தில், பல வருடம் நின்றவர். போன மற்றவர்கள் சங்கிலி கொண்டுவந்தார்கள், தொலைக்காட்சிப் பெட்டி கொண்டுவந்தார்கள். இவர் இரண்டு சொல் கொண்டுவந்தார். ஒன்று ஹலால், முஸ்லிம்களின் மார்க்கம் அனுமதித்த சாப்பாடு. மற்றது கோஷர், யூதர்களின் வேதம் அனுமதித்த சாப்பாடு. வெளியே அந்த மண் எரிந்துகொண்டிருக்க, உள்ளே குளிரில், இரண்டு வேதத்துப் பைக்கற்றுகளும் ஒரே இறாக்கையில் தோளோடு தோள் உரசிக் கிடந்தன என்பார்.

"சண்டை பிடிக்கேலாத குளிர், தம்பி. மனிசரையும் அப்பிடி ஒரு பெட்டிக்குள்ளை வைச்சுப் பாக்கோணும்."

இதில் பெரிய வேடிக்கை, மனிதர் பிறவிச் சைவம். மீன், இறைச்சி, முட்டை எல்லாவற்றையும் சேர்த்து மச்சம் என்போமே, அதில் ஒரு துளி அவர் நாவில் பட்டதில்லை. பக்கத்து வளவில் மீன் பொரித்தால் இவர் வீட்டு யன்னல்கள் தாமாகச் சாத்திக்கொள்ளும். அப்படிப்பட்டவர்தான் உலகத்து இறைச்சிக்கெல்லாம் நீதவான். பிறந்ததிலிருந்து குடை பிடித்துத் திரிந்தவர் மழையைப் பற்றிச் சட்டம் எழுதியது மாதிரி.

தேத்தண்ணிக் கடையில் நீதிமன்றம் கூடும். எங்கள் லொறிச் சாரதிதான் எதிர்க்கட்சிச் சட்டத்தரணி.

"என்னண்ணை பெரிய வித்தியாசம்? ரெண்டிலையும் பண்டி இல்லை. அப்ப ரெண்டும் ஒண்டுதானே?"

"உன்னட்டையும் பண்டி இல்லை, என்னட்டையும் பண்டி இல்லை. அதுக்காக நீயும் நானும் ஒண்டோ?"

சாரதி தேத்தண்ணியைப் பார்த்தான். லேபலண்ணை தொடங்கிவிட்டார்.

"கேள். ஹலால் கோழிக்குத் தயிர் விடலாம், பட்டர் விடலாம், பால் விடலாம். கோஷரிலை இறைச்சியும் பாலும் ஒரு சட்டியிலை சந்திக்கப்படாது. இறைச்சிக்கு ஒரு சட்டி, பாலுக்கு ஒரு சட்டி, கழுவுற தொட்டிகூட வேறை."

"மாமியும் மருமகளும் மாதிரி."

"கதையை விட்டிட்டுக் கேளடா. றால், நண்டு, கணவாய் ஒண்டும் கோஷரிலை இல்லை. மீனெண்டால் செதிளும் செட்டையும் இருக்கோணும். இஞ்சத்தை முஸ்லிம் ஆக்களுக்கு றால் பிரச்சினையில்லை. ஆனா மதுவகை ஒரு சொட்டு விழுந்தாலும் ஹலால் போச்சு. கோஷரிலை, அவையள் தங்கடை முறைப்படி செய்த வைன் எண்டால், குழம்புக்கு விடலாம்."

"அப்ப நான் கோஷர்" என்று சாரதி அந்த இடத்திலேயே மதம் மாறினான்.

லேபலண்ணை அசையவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "அவையளிட்டை இன்னுமொண்டு இருக்கு. பரேவ். இறைச்சியும் கலவாதது, பாலும் கலவாதது. எங்கடை ஐயரே பால் குடிக்கிறார். இது ஐயரிலும் சுத்தம். அவையளின்ரை சைவம் எண்டு வையன்."

அந்தக் கடைசி வசனத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லாவற்றையும் பைக்கற்றின் பின்பக்கத்தில் படித்தவர், அதை மட்டும் தன் யாழ்ப்பாணத்துச் சைவ மனதிலிருந்து எடுத்துச் சொன்னார்.

அவரிடம் ஒரு வேதவாக்கும் இருந்தது. கோஷர்ச் சாப்பாடு இரட்டை உறை போட்டு, சீல் வைத்து வரும். குசினிக்காரர் அதைச் சூடாக்கலாம், திறக்கக்கூடாது. விமானத்தில், பயணியின் கண்முன்னால், பயணியே திறக்க வேண்டும். "திறக்கிற உரிமை சாப்பிடுறவருக்குத்தான்" என்பார். களஞ்சியச் சுவரில் அதை எழுதியும் ஒட்டியிருந்தார். எங்கள் களஞ்சியத்தில் அப்போது இருந்தவை தறப்பாள், வாளி, மண்வெட்டி மட்டும்.

பிறகு அந்த மாரி வந்தது. வானம் ஒரு பழைய கடனை அடைக்கிற மாதிரிப் பெய்தது. குளங்கள் நிறைந்து வான் பாய்ந்தன. வயலும் வீதியும் ஒரே நிறமாயின. மாடுகள் மதகுகளின் மேல் நின்று எங்களைப் பார்த்தன, நாங்கள் அவற்றைப் பார்த்தோம், இருபகுதிக்கும் சொல்ல ஒன்றுமில்லை. மேடான இடத்தில் இருந்த பாடசாலையில் சனம் கூடியது. ஒரு மண்டபம், நடுவில் ஒரு கரும்பலகை. இந்தப் பக்கம் குடியேற்றத் திட்டத்துச் சைவக் குடும்பங்கள், அந்தப் பக்கம் இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்திருந்த முஸ்லிம் குடும்பங்கள். விறகெல்லாம் நனைந்து ஊறிவிட்டதால், கையோடு கொண்டுவந்த அரிசியும் பருப்பும் அவியாமல் கிடந்தன. தேத்தண்ணிக்குத் தண்ணீர் சுட வைப்பதே ஒரு திருவிழா.

கரும்பலகைக்கு அந்தப் பக்கத்தின் அரசி ஹசீனா ராத்தா, எங்கள் பேச்சில் ஹசீனா அக்கா. முல்லைத்தீவுக் கடற்கரையில் பிறந்து, இங்கே வாழ்க்கைப்பட்டவர். வாய் திறந்தால் அலை அடிக்கும். அந்தக் குடும்பங்கள் எதைச் சாப்பிடலாம், எதைத் தள்ளலாம் என்பதற்கு அவருடைய சொல்தான் சொல். காரணம் இருந்தது. முன்பொரு வெள்ளத்தில் வேறு யாரோ இறைச்சி ரின்கள் கொண்டுவந்து, "எல்லாம் ஹலால்தான், யோசியாமல் சாப்பிடுங்கோ" என்று கொடுத்துவிட்டுப் போனார்கள். பாதி ரின் முடிந்த பிறகு மேலே ஒட்டியிருந்த நிவாரணத் தாளை ஒருவர் சுரண்டினார். அடியில் ஒரு பன்றி சிரித்துக்கொண்டு நின்றது. அன்றைக்கு அவர்கள் வாந்தி எடுத்தது வயிற்றால் மட்டுமல்ல. அதற்குப் பிறகு ராத்தா, தான் அறியாத ஒன்றைத் தன் சனத்தின் வாயில் வைக்க விடுவதில்லை. இப்போதும் அப்படித்தான். பெரியவர்கள் வெறுந்தேத்தண்ணி. வாயும் வயிறுமாக இருந்த அவருடைய மகள், றஸ்கை அதில் தோய்த்துத் தோய்த்துச் சாப்பிட்டாள். றஸ்கும் முடிந்துகொண்டு வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, இடுப்பளவு தண்ணீருக்குள்ளால் உழவு இயந்திரப் பெட்டியில் சாப்பாடு வந்தது. வெளிநாட்டில் ஒரு நலன்விரும்பிகள் சங்கம் வாங்கி அனுப்பிய, பிரித்தவுடன் சாப்பிடக்கூடிய பைக்கற்றுகள், அவற்றோடு கொஞ்சம் சட்டிகளும். எங்கோ ஒரு பெரிய களஞ்சியத்தில் மலிவாக விட்டதை அள்ளியிருப்பார்கள் போல, ஹலாலும் கோஷரும் பெட்டிக்குள் கலந்து கிடந்தன. கூடவே எங்கள் இணைப்பாளர் கொழும்பிலிருந்து வந்தார். ஒரு பதாகையும், ஒரு வீடியோக் கமராவும், முழங்கால்வரை வரும் புதுச் சப்பாத்தும் கொண்டுவந்தார். பதாகையில் 'உணவுக்கு மதமில்லை' என்று எழுதியிருந்தது.

லேபலண்ணை ஒரு பைக்கற்றை எடுத்தார். திருப்பினார். அவருடைய முகம் இருண்டதை நான் கண்டேன்.

பின்பக்கம் முழுவதும் ஒரு பெரிய ஸ்ரிக்கர். அதில் நலன்விரும்பிகள் சங்கத் தலைவர், கழுத்துப்பட்டியோடு, பற்கள் எல்லாவற்றோடும் சிரித்தார். 'அன்புடன் உங்கள் உறவு' என்று கீழே எழுதியிருந்தது. அந்தப் பைக்கற்றில் என்ன இருக்கிறது, யார் சாப்பிடலாம், யார் சாப்பிடக்கூடாது என்ற செய்தியெல்லாம் தலைவரின் முகத்துக்கு அடியில் புதைந்து கிடந்தது. இன்னொன்றைத் திருப்பினார். அதே தலைவர். பெட்டியைக் கவிழ்த்தார். தலைவர், தலைவர், தலைவர்.

"ஐயா, ஹலால் வேறை கோஷர் வேறையாப் பிரிக்காமல் ஒரு பைக்கற்றும் வெளியிலை போகாது."

இணைப்பாளர் மணிக்கூட்டைப் பார்த்தார். "என்ன பிரிக்கிறது? பசியில இருக்கிறாங்க. குடுங்க, வீடியோ எடுப்பம், போவம். பதாகைய வாசிச்சீங்களா? உணவுக்கு மதமில்ல."

"உணவுக்கு இல்லை, ஐயா. வயித்துக்கு இருக்கு."

"இன்டைக்கு இது குடுபடாட்டி, நாளைக்கு நீங்க வேலைக்கு வரத் தேவையில்ல."

லேபலண்ணை ஒரு பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு கரும்பலகையைச் சுற்றிப் போய், ஹசீனா ராத்தாவின் முன்னால் வைத்தார்.

"என்ன அண்ணே, இதுவும் எல்லாம் ஹலால்தானோ?" ராத்தாவின் குரலில் பழைய பன்றி உறுமியது.

"எனக்குத் தெரியாது, ராத்தா."

ராத்தா நிமிர்ந்தார். நிவாரணம் கொடுக்க வந்த ஒருவர் தெரியாது என்று சொன்னது அந்த மாவட்டத்தில் அதுவே முதல் தடவையாக இருக்க வேண்டும்.

"ஸ்ரிக்கருக்குக் கீழைதான் எழுதியிருக்கு. நான் கழட்டித் தந்தால் நீங்கள் என்னை நம்போணும். அது வேண்டாம். திறக்கிற உரிமை சாப்பிடுறவைக்குத்தான். நீங்களே கழட்டுங்கோ."

ராத்தா அவரை ஒருமுறை பார்த்தார். பிறகு தலைவரின் நெற்றியில் நகத்தை வைத்தார்.

அதன்பிறகு நடந்ததை இணைப்பாளர் கண்ணை மூடிக்கொண்டுதான் பார்த்தார். பெண்கள் வட்டமாக இருந்து தலைவரை உரித்தார்கள். சில இடங்களில் ஒரே இழுவையில் வந்தார். சில இடங்களில் தேங்காயெண்ணெய் பூசி, காதிலிருந்து சுரண்ட வேண்டியிருந்தது. கரும்பலகையைத் தள்ளிவிட்டு இந்தப் பக்கத்துப் பெண்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள். "இஞ்சை பாருங்கோடி, இவற்றை பல்லு மட்டும் கழருதில்லை." "அது கட்டுப் பல்லு, விடு." கழன்ற தலைவர்கள் கதிரைகளில் ஒட்டினார்கள், சேலைகளில் ஒட்டினார்கள். பாடசாலை வளவில் நின்ற ஓர் ஆடு விலாவில் தலைவரோடு திரிந்தது. வன்னியில் இவ்வளவு ஆழமாக மக்களிடம் ஒட்டிய தலைவரை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

முகம் போகப் போக எழுத்து வந்தது. லேபலண்ணை மேசை மேசையாகக் குவித்தார். தயிர்க் குழம்புக் கோழி, றால் சோறு: ஹலால் முத்திரை பளிச்சென்று இருந்தது. ராத்தா ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, தானே வாசித்து, தானே தலையாட்டினார். கோஷர்க் கோழி ஒன்று வந்தது. "யூதரும் வேதக்காரர், அவங்க அறுத்தது ஆகுமெண்டு சில பேர் சொல்லுவாங்க, ஆகாதெண்டு சில பேர் சொல்லுவாங்க. மௌலவியிட்டக் கேக்கோணும், போனுக்குச் சிக்னல் இல்ல. இருக்கிற ஹலால் எங்களுக்குக் காணும், அத அந்தப் பக்கத்துக்குக் குடுங்க" என்று தள்ளிவிட்டார். பிறகு மகளைக் கூப்பிட்டு, ஒரு றால் சோற்றுப் பைக்கற்றை அவளிடமே கொடுத்தார். மகள் தானே பிரித்தாள். முதல் வாயை அவள் விழுங்கும்வரை லேபலண்ணை அடுத்த பெட்டியைத் தொடவில்லை.

கடைசியில் ஒரு குவியல் மிஞ்சியது. கோஷர் முத்திரை, வைன் விட்ட மாட்டிறைச்சிக் குழம்பு. வைன் இருப்பதால் அந்தப் பக்கத்துக்கு ஆகாது. மாடு இருப்பதால் இந்தப் பக்கத்துக்கு ஆகாது. லேபலண்ணை யோசித்தார். மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். ஒரு பைக்கற்றை இணைப்பாளரிடம் மரியாதையாக நீட்டினார்.

"ஐயா, இந்த வளவுக்குள்ளை இதைச் சாப்பிடக்கூடிய ஒரே ஆள் நீங்கள்தான். உணவுக்கு மதமில்லை எண்டவர்."

இணைப்பாளர் கோபத்தோடுதான் பிரித்தார். மூன்றாவது பைக்கற்றில் கோபம் தணிந்திருந்தது.

இனிச் சைவக் குடும்பங்கள். வெள்ளிக்கிழமை என்பதால் பலருக்கும் மச்சம் இல்லை, கோஷர்க் கோழி மறுநாளுக்கு ஒதுங்கியது. பழைய விதானையார் பந்திக்கு நடுவில் இருந்தார். ஓய்வு பெற்ற கிராம அலுவலர், கோயில் தலைவரும் அவர்தான். அவர்களுக்கென்று ஒரு குவியல் இருந்தது. முன்பக்கப் படத்தில் சிவப்புக் குழம்பில் மிதக்கும் உருண்டைகள். அந்தப் பைக்கற்றுகளில் மட்டும் பின்பக்கத்து எழுத்தைத் தனித் தாளில் ஒட்டியிருந்தார்கள். தலைவரை உரித்தபோது அந்தத் தாளும் அவரோடு சேர்ந்து கிழிந்து போய்விட்டது. ஆனால் முன்பக்கத்து மூலையில், கோஷர் முத்திரையோடு, ஒரு சிறு சொல் தப்பியிருந்தது: பரேவ்.

"இது சைவம்" என்றார் லேபலண்ணை. "எங்கடை சைவத்திலும் பாக்கச் சுத்தம். நானே சாப்பிட்டுக் காட்டுறன்."

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பைக்கற்றின் முன்பக்கத்தை நம்பினார். பல நாள் வயிற்றைக் காயப்போட்டவர், பந்தியில் இருந்து ருசித்துச் சாப்பிட்டார். "உதென்ன கிழங்கோ தெரியாது, தம்பி. பஞ்சு மாதிரி. நல்ல வாசம் ஒண்டும் இருக்கு." விதானையாரும் சாப்பிட்டார். பந்தி முழுக்கச் சாப்பிட்டது. ஒரு சத்தமில்லை. நான் அதைப் பசியின் மௌனம் என்று நினைத்தேன்.

ஹசீனா ராத்தா தண்ணீர்ச் செம்போடு அந்தப் பக்கம் வந்தார். லேபலண்ணையின் சாப்பாட்டுக் கோப்பைக்கு மேலே குனிந்தவர், அப்படியே நின்றார். கடற்கரையில் பிறந்த மூக்கு அது. எனக்கு அருகில் வந்து, "தம்பி, இந்த மனுசன் மச்சம் தொடாதவரெண்டெல்லோ சொல்லுறாங்க?" என்று கிசுகிசுத்தார்.

"ஓம் ராத்தா."

"அல்லாவே, அது மீனுருண்டை."

"சொல்லாதேங்கோ ராத்தா. சாப்பிட்டு முடிச்சிட்டார். தெரியாமல் போனதிலை பாவமில்லை."

ராத்தா யோசித்தார். அவர் விழுங்கியதை வெளியே எடுக்க யாராலும் முடியாது. சொல்லாமல் விட்டால் அவருக்கு ஒன்றும் குறையப்போவதில்லை. ராத்தாவின் கண் ஒருமுறை, றால் சோறு சாப்பிட்டு நித்திரையாகிவிட்ட மகளின் பக்கம் போனது.

"தெரியாதெண்டு எனக்கு முன்னால ஒத்துக்கொண்ட மனுசன். எனக்குத் தெரிஞ்சதை நான் அவருக்கு மறைச்சா, அந்த ரின்காரங்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?"

நேரே போனார். பக்கத்தில் குந்தினார். மெல்லச் சொன்னார். "அண்ணே, கோவிக்காதீங்க. இது மீன்."

லேபலண்ணை கோப்பையைப் பார்த்தார். வெறும் கோப்பை. அதைக்கூட ஒருமுறை திருப்பிப் பார்த்தார்.

"மீனும் அவையளுக்கு இறைச்சிக் கணக்கில்லையோ..." என்று தனக்குள்ளே சொன்னார். இறைச்சியும் இல்லை, பாலும் இல்லை. ஆனால் கடல் முழுக்க மிச்சம் இருந்தது. அவருடைய நீதிமன்றம் இடிந்து அவர் தலையிலேயே விழுந்ததை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எழும்பினார். இணைப்பாளர் கையைப் பிடித்தார். "பேசாம இருங்க, வீடியோ ஓடுது."

"ஓடட்டும்." மண்டபத்தைப் பார்த்துக் கைகூப்பினார். "எல்லாரும் என்னை மன்னியுங்கோ. நான் சைவமெண்டு தந்தது சைவமில்லை. மீன். வெள்ளிக்கிழமையும் அதுவுமா உங்கடை விரதத்தைக் கெடுத்துப்போட்டன்."

ஒருவரும் வாந்தி எடுக்கவில்லை. ஒருவரும் கத்தவில்லை. பழைய விதானையார் விரலை நக்கி முடித்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"அது எங்களுக்கு முதல் வாயிலேயே தெரியும், தம்பி."

"தெரியுமோ?"

"மீன் தெரியாத நாக்கோ? நீதான் சைவமெண்டு சொல்லுறாய். பைக்கற்றும் சைவமெண்டு சொல்லுது. படிச்ச லேபலோடை நாங்கள் ஏன் சண்டைக்குப் போவான்?" சற்று யோசித்து, "இன்னும் கொஞ்சச் சைவம் மிச்சமிருக்கோ?" என்று கேட்டார்.

மண்டபம் இரண்டு பக்கமும் வெடித்துச் சிரித்தது. கரும்பலகை குலுங்கியது. அப்போதுதான் எனக்கு விளங்கியது: அந்தப் பந்தியில் இருந்த அத்தனை சைவர்களிலும், மீனை மீன் என்று கண்டுபிடிக்கத் தெரியாத ஒரே நாக்கு லேபலண்ணையுடையது. உண்மையான சைவம் அவர் ஒருவர்தான். அதனால் அவர் ஒருவர்தான் ஏமாந்தார்.

அவர் சிரிக்கவில்லை. வெளியே போய், கிணற்றடியில் தலையில் தண்ணீர் வார்த்தார். பிறகு கிணற்றுக் கட்டில் இருந்தார். மழை விட்டிருந்தது. தேத்தண்ணி கொண்டுபோனேன், வேண்டாம் என்றார். கோஷர்ப் பழப் பைக்கற் ஒன்று கொண்டுபோனேன். அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. அதுதான் என்னைப் பயப்படுத்தியது.

"இனி எந்த எழுத்தை நம்பிச் சாப்பிடுறது, தம்பி?"

அதை என்னிடம் கேட்டார். எழுத்தே தொழிலான என்னிடம்.

மண்டபத்துக்குப் பின்னால் புகை எழும்பியது. ஹசீனா ராத்தா வெறும் பெட்டிகளைக் கிழித்து அடுப்பு மூட்டியிருந்தார். பெட்டிகளிலும் தலைவர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். நனையாத விறகு அந்த ஊரில் அன்றைக்கு அவர் ஒருவர்தான். சற்று நேரத்தில் ராத்தா கிணற்றடிக்கு வந்தார். கையில் தாமரை இலையில் கட்டிய ஒரு பொதி, சூடு ஆறாதது.

"பிடிங்க அண்ணே. சோறும் பருப்பும். காலையில நீங்க தந்த நிவாரணச் சட்டியிலதான் வச்சன். புதுச் சட்டி, ஒண்டும் பட்டதில்ல. அடியில ஒட்டியிருந்த மூஞ்சியக்கூட இப்பதான் உரிச்சன்."

லேபலண்ணை பொதியை வாங்கி வைத்துக்கொண்டு ராத்தாவைப் பார்த்தார்.

"பிரிச்சுத் தரமாட்டன்" என்றார் ராத்தா. "திறக்கிற உரிமை சாப்பிடுறவருக்குத்தான். நீங்கதான் சொன்னது."

தாமரை இலையில் முத்திரை இல்லை, திகதி இல்லை, ஒரு சொல்லும் இல்லை. அதன் பின்பக்கத்தில் இருந்ததெல்லாம் நரம்புகள் மட்டும். லேபலண்ணையின் கை பழக்கதோஷத்தில் சற்று அசைந்தது. பிறகு நின்றது. திருப்பாமல் பிரித்தார். சாப்பிட்டார். ராத்தா அவர் முடிக்கும்வரை நின்று, இலையை வாங்கிக்கொண்டு போனார்.

அவருடைய வேலை போகவில்லை. வைன் குழம்பின் நன்றியில் இணைப்பாளர் மறதிக்காரராகிவிட்டார். அன்றைய அறிக்கையை நான்தான் எழுதினேன். தலைவரை உரித்ததற்கு 'சமூகப் பங்கேற்புடனான பொதி மீளாய்வு' என்று பெயர் வைத்தேன். அது முன்மாதிரித் திட்டமாகி, இணைப்பாளர் அதைப் பற்றிப் பேச வெளிநாடு போய்வந்தார். லேபலண்ணை இன்னமும் பூவரசங்குளத்தில்தான் இருக்கிறார். இன்னமும் எதைக் கொடுத்தாலும் திருப்புகிறார், ஒரு வீட்டிலிருந்து வருவதைத் தவிர.

இந்த இதழையும் வாங்குவார். கையில் எடுத்ததும் முதலில் பின்பக்கத்தைத்தான் திருப்புவார் என்பது எனக்குத் தெரியும். ஆகவே ஆசிரியரிடம் கெஞ்சிக் கேட்டிருக்கிறேன், இதைக் கடைசிப் பக்கத்தில் போடச் சொல்லி.